லேபிள் ஒட்டிய சம்பல்

துபாயிலிருந்து வந்தவனை எங்கள் கீழக்கரையில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க? முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். போன வருடம் நான் வந்து இறங்கிய அன்றைக்கு, பள்ளிவாசலில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், அதெல்லாம் பழகிப்போனதுதான். ஆனால் வீட்டில் என் மகளே கேட்டாள். பிளஸ் ஒன் படிக்கிறவள். தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டுக் கதவோரம் நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எப்ப வாப்பா போறீங்க?" என்றாள். விருந்தாளியிடம் கேட்கிற மரியாதையோடுதான் கேட்டாள். அந்த மரியாதைதான் என்னைச் சுருக்கென்று குத்தியது. இனிமேல் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

முடிவு பண்ணுவதற்கு என்ன, வாய்தானே. சாப்பாட்டுக்கு என்ன வழி? அங்கே நான் பார்த்த வேலை சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குவது. கல்யாணமான மறு வருடம் போனவன், அதே கம்பெனி, அதே வேலை. எந்தச் சாமானை எந்தத் தட்டில் வைத்தால் ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண் உயரத்தில் வைக்கிற இடத்துக்குக் கம்பெனிக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். பெயர் இல்லாத சாமானுக்குக் கீழ்த்தட்டுதான், குனிந்து எடுக்கிறவர்களுக்கு மட்டும். ஒரே அரிசி, ஒரே ஆலை, இரண்டு பையில் வரும். படம் போட்ட பை போகும், வெறும் பை தூசி பிடித்துக் கிடக்கும். இதை வருடக் கணக்கில் கண்ணால் பார்த்தவன் நான். ஊருக்கு வரும்போது என்னிடம் இருந்த படிப்பு அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், தொழில் என் வீட்டு அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. என் மனைவி மாசிச் சம்பல் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். சூரை மீனை அவித்துக் கட்டைபோலக் காயவைத்ததுதான் மாசி. அதை உரலில் இடித்து, நம்ம பக்கத்துக் குண்டு மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து, ஈரம் சுண்டும்வரை எண்ணெயில் புரட்டி எடுத்தால் மாதக் கணக்கில் கெடாது. எங்கள் ஊரில் வெளிநாடு போகிற எல்லாப் பெட்டியிலும் ஒரு பாட்டில் சம்பல் இருக்கும். 'பக்கத்துல கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன்' என்று போனில் அவள் சொல்லியிருக்கிறாள். நானும் ஏதோ பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன். வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது சின்ன வியாபாரம் இல்லை. மகள் பள்ளிக்கூடச் செலவு முழுவதும் அந்தச் சட்டியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அவள் விற்கிற அழகு இருக்கிறதே! புது பாட்டில் ஒன்று கிடையாது. வாங்குகிறவர்களே வீட்டிலிருந்து பழைய பாட்டில் கொண்டுவர வேண்டும். காப்பித்தூள் பாட்டில், ஜாம் பாட்டில், தேன் பாட்டில். அடுப்படி மூலையில் பழைய இரும்புக்கடை மாதிரி குவிந்து கிடந்தது. ஒரு மூடியில் சிவப்பு நூல், ஒன்றில் நகப்பாலிஷ் பொட்டு, இன்னொன்றில் கிழிந்த சேலைத்துணி. யார் பாட்டில் எது என்று அவளுக்குத்தான் தெரியும். வாங்க வருகிற பெண்களும் ஒரு தினுசாகத்தான் வந்தார்கள். மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாம் கண் அசருகிற நேரம் பார்த்து, கொல்லைப் பக்கம், ஒருத்தி போன பிறகு இன்னொருத்தி. துப்பட்டிக்குள் பாட்டிலை மறைத்துக் கொண்டுபோவார்கள். மீன் வாடை வெளியே தெரியக் கூடாது என்று மறைக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

"என்ன புள்ள இது, பழைய பாட்டில் ஏவாரமா சம்பல் ஏவாரமா?" என்றேன்.

"எதோ ஓடுதுல்ல மச்சான்," என்றாள்.

"ஓடுறது பெருசில்ல. ஒனக்கு ஒரு பேரு இருக்கா இதுல? நாளைக்கு எவளோ ஒருத்தி இதே மாதிரி போட்டு வித்தா, இது என்னோடதுன்னு நீ எப்படிச் சொல்லுவ? பேரு வேணும் புள்ள. பேரு இல்லாட்டி கீழ்த்தட்டுதான்."

அவள் கிளறுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ராமநாதபுரம் போய் அச்சகத்தில் உட்கார்ந்து லேபிள் போட்டேன். தோணி, தென்னை, கொஞ்சம் கடல். நடுவில் கொட்டை எழுத்தில் அவள் பெயர், கீழே 'வீட்டு மாசிச் சம்பல்'. லைசென்ஸ் எடுத்தேன். புத்தம் புது பாட்டில், தங்க நிற மூடி. முதல் பாட்டிலில் ஒட்டி அவள் கையில் கொடுத்தபோது அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"நம்ம கல்யாணப் பத்திரிகைல கூட என் பேரு போடல, தெரியுமா? தீன்குலச் செல்வின்னு மட்டும் போட்டாங்க," என்றாள். கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டிலை விற்கவில்லை. அலமாரியில் குர்ஆனுக்குக் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருடம் யார் யாரோ கம்பெனியின் பெயரைக் கண் உயரத்தில் அடுக்கினோம், இன்றைக்கு நம் வீட்டுப் பெயர் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதல் வாரம் வந்தவர்கள் புது பாட்டிலைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனார்கள். ஒரு அம்மா, "அழகா இருக்கு மாப்புள, ஆனா எனக்கு என் பாட்டில்லயே போட்டுக் குடுத்துருங்க" என்றார். பாட்டில் இலவசம் மாமி என்றேன். அப்படியும் வேண்டாம் என்றார். இன்னொரு பெண், ஸ்டிக்கர் ஒட்டாத பாட்டில் இருக்கா என்று கேட்டது. ஏன் என்றால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஸ்டிக்கரைப் பிய்த்துத் தின்றுவிடும் என்றது. துபாய் போகிற பெட்டிக்குள் குழந்தை எங்கே வந்தது? ஒருத்திக்கு டாக்டர் காரம் கூடாது என்றாராம். நேற்றுவரை கூடிய காரம் இன்றைக்கு எப்படிக் கூடாமல் போனது? எனக்கு மண்டை காய்ந்தது.

ஒருநாள் காலை எங்கள் தெருவோரச் சாக்கடையில் என் தோணியும் தென்னையும் மிதந்து போவதைக் கண்டேன். குனிந்து பார்த்தால் லேபிள். ஒன்று இல்லை, வரிசையாக. யாரோ வெந்நீரில் ஊறவைத்து உரித்துப் போட்டிருக்கிறார்கள் என்று பின்னால்தான் விளங்கியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பசை சரியில்லை, தானாகக் கழன்று விழுகிறது என்று நினைத்தேன். நேரே அச்சகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். தண்ணீரில் போட்டாலும் கழலாத ரகம் வேண்டும், மூடியிலும் பெயர் அடித்துக் கொடு என்றேன். கொடுத்தார்கள். நகத்தால் சுரண்டினாலும் வராத ரகம். அது வந்த பிறகு, வந்துகொண்டிருந்த நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

மனைவியிடம் கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்பாள். சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் முகத்தில் ஏதோ ஓடும். அவளுக்கும் அந்த லேபிள் பிடித்திருந்தது, அதே லேபிளைப் பார்த்துப் பயமாகவும் இருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஊர்க்காரர்களுக்கு அருமை தெரியவில்லை, வெளியூரில் விற்போம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் போனேன். கோயில் தெருவில் தெரிந்தவர் ஒருவர் கடையில், சங்கு மாலைக்கும் சோழிப் பெட்டிக்கும் நடுவே, சரியாகக் கண் உயரத்தில் அடுக்கிவைத்தேன். அடுத்த வாரம் போனால் ஒன்றுகூடக் குறையவில்லை. கடைக்காரர் சிரிக்கிறார். "பாய், இங்கன வாரவுக எல்லாம் தீர்த்தமாடி, அமாவாசைக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு, சுத்தபத்தமா நிக்கிறாக. மாசிக் கருவாட்ட மூஞ்சிக்கு நேரா நீட்டுனா எவன்யா வாங்குவான்?" என்றார். தீர்த்தமாட வந்த கூட்டத்திடம் மீன் விற்கப்போன புத்திசாலி நான். அலமாரியை மட்டும் படித்தவன், முன்னால் நிற்கிற ஆளைப் படிக்கவில்லை.

இதற்கு நடுவில் ராமநாதபுரம் ஏஜண்டு போன் போட்டுக்கொண்டிருந்தார். பழைய கம்பெனியிலேயே இடம் இருக்கிறதாம், என்னைத்தான் கேட்கிறார்களாம். நோன்புக்கு முன்னால் பதில் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றார். சம்பல் ஓடினால் நான் ஊரில் இருப்பேன், ஓடாவிட்டால் பழையபடி அலமாரி அடுக்கப் போக வேண்டும். மகள் அப்போதுதான் என் எதிரில் முக்காட்டைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்கணக்கு வரவில்லை என்று என்னிடம் கத்தவும் செய்தாள். அப்பாவிடம் கத்துகிற பிள்ளையை விட்டுவிட்டு யார் போவார்?

எப்படியாவது ஆட்களைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்று இன்னொரு திட்டம் போட்டேன். டோர் டெலிவரி. வாங்குகிறவர்கள் வீட்டுக்கு நடந்து வந்து, வாங்கிக்கொண்டு போய், அதைப் பிறகு பயணக்காரர் வீட்டில் கொடுப்பது என்ன பாடு! நானே பயணம் போகிறவர் கையில் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பக்கத்துத் தெரு மாமி ஒருவர், நெடுநாள் வாடிக்கை, தன் பழைய பாட்டிலை என் மனைவியிடம் கொடுத்து மகனுக்குச் சம்பல் சொல்லியிருந்தார். மாமிக்கு ஏன் சிரமம் என்று, அவரைக் கேட்காமலேயே, அன்றைக்கு விமானம் ஏறுகிறவரிடம் புது பாட்டிலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அந்த மகன் எனக்கு வேண்டப்பட்ட தம்பிதான். துபாயில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிறவன், இப்போது அங்கேயே சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

"காக்கா, ஒங்க லேபிள் இங்கன வந்துருச்சு!" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. துபாய் வரைக்கும் எங்கள் வீட்டுப் பெயர் போய்விட்டது!

"ஆமா காக்கா, வந்துருச்சு. ஆனா உம்மாக்கு என்ன ஆச்சு? உம்மா எனக்குக் கடைச் சம்பல் அனுப்புனதே கெடையாது. பதறிப்போயி போன் போட்டா, கை வலிக்குது, அதான் இந்த ஒரு தடவ வாங்கிட்டேன்னு சொல்லுது. நெசமா கை வலிதானா, வேற எதையும் மறைக்குதா? ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்க காக்கா."

பார்க்கிறேன் என்றேன். இருந்தாலும் ஆசை விடவில்லை. "சம்பல் எப்படித் தம்பி?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க வீட்டு லாத்தா நல்லாத்தான் போட்டுருக்கு. ஆனா எங்க உம்மா போடுறது மாதிரி வராது காக்கா. அந்த மணம் இல்ல."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் இதை அப்படியே என் மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மச்சான்," என்றாள்.

"நான் என்ன பண்ணேன்?"

"அந்த மாமி சம்பல் போட்டதே இல்ல. எத்தனையோ வருசமா நான்தான் போட்டுக் குடுக்கறேன். அவுக போட்டதுன்னு சொல்லி அனுப்புவாக."

"எது, நம்ம சம்பலவா?"

"மாமி மட்டும் இல்ல, எல்லாருந்தான். ஒருத்திக்கு வேலைக்குப் போவ வேண்டியிருக்கு, ஒருத்திக்குக் கைப்பக்குவம் வரல, ஒருத்திக்கு அடுப்பு பக்கம் நிக்க ஏலல. மவனுக்கு, மாப்புளைக்கு, எங்கையால செஞ்சதுன்னு சொல்லி அனுப்புறாக. ஒருத்தி வாங்குறது இன்னொருத்திக்குத் தெரியாது. அதுக்குத்தான் அவுகவுக பாட்டிலு. அதுல போயி என் பேர ஒட்டிட்டீங்க."

நானும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துபாய் ரூமில் வெள்ளிக்கிழமை மதியம் ஆளுக்கொரு பாட்டிலைத் திறப்போம். எங்க உம்மா போட்டது என்பான் ஒருவன். எங்க வீட்ல போட்டது பாரு என்பான் இன்னொருவன். உன்னதில் புளிப்பு அதிகம், என்னதில்தான் பதம் என்று சண்டை நடக்கும். நான்தான் சத்தமாகப் பேசுவேன். உங்க எல்லாத்தோடதையும் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்கடா, என் பொண்டாட்டி கைக்குப் பக்கத்தில் வருமா என்பேன். எல்லாம் ஒரே சட்டி! ஒரே கை! பக்கத்தில் என்ன, அதேதான் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் மனைவி கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை என்பதில்தான் ரொம்ப அடிபட்டுப்போனேன்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று கத்தினேன்.

"அது அமானிதம் மச்சான். நம்பிச் சொன்னத புருசன்கிட்டன்னாலும் எப்படிச் சொல்றது?" என்றாள். பிறகு, "என் பேரு போட்டதும் எனக்கும் ஆசையாப் போச்சு. ஒருவேளை அவுகளும் பழகிக்கிடுவாகன்னு நெனச்சேன்" என்றாள்.

சாயங்காலம் அந்த மாமி வீட்டுக்குப் போனேன். என்ன ஏது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தேநீர் கொடுக்கும்போது சாஸருக்குள் கப் கடகடவென்று ஆடியது. வலது கை நடுக்கம். உலக்கை பிடித்துப் பல வருடம் ஆகிறதாம்.

"மாப்புள, தெரிஞ்சு போச்சா?" என்றார்.

"தெரிஞ்சு போச்சு மாமி."

"அவன்கிட்ட சொல்லிப்புடாதீங்க. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா கடைய வித்துப்புட்டு ஓடி வந்துருவான். வந்து இங்கன என்ன செய்வான்? சம்பல் வருதுன்னா உம்மா நல்லாருக்குன்னு நெனச்சுக்குவான். அதுக்குத்தான் அனுப்புறது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னைப் பாருங்கள், வெளிநாட்டுக்குப் போகாமல் இருக்க வழி தேடி அலைகிறேன். இந்த மாமி, மகன் திரும்பி வந்துவிடக் கூடாது என்று நடுங்குகிற கையோடு மல்லுக்கட்டுகிறார். எது சரி என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நானே உட்கார்ந்து லேபிளைச் சுரண்டினேன். கழலாத ரகம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவன் நான்தானே, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் போனது. என் மனைவி கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்தாள். நூல் கட்டிய மூடியும் பொட்டு வைத்த மூடியும் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. லுஹருக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பதில்லை. கடற்கரைப் பக்கம் போய்விடுவேன், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

வியாபாரம் பழைய இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. எப்படி நகரும்? யாரும் யாரிடமும் நல்லாயிருக்கு, வாங்கிப் பார் என்று சொல்ல முடியாத சாமான். விளம்பரம் கூடாது, பெயர் கூடாது, கடையில் வைக்கக் கூடாது. அவளும் மகளும் சாப்பிடப் போதும். நானும் சேர்ந்து உட்கார்ந்தால் இழுபறிதான். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏஜண்டின் போனை எடுக்காமல் நாளைக் கடத்தினேன்.

அப்போதுதான் அந்த மாமி மவுத்தாகிவிட்டார். காலையில் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே அடக்கம் செய்தாகிவிட்டது. மகன் வந்து சேரும்போது கபர் மண்தான் இருந்தது. மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து நானும் என் மனைவியும் அவனைப் பார்க்கப் போனோம். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பச்சைப் பிள்ளையாக அழுதான். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கலையே காக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதான். எனக்கும் தாங்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில், இருங்கள் என்று உள்ளே போனான். ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தான். பழைய காப்பித்தூள் பாட்டில், மூடியில் துணி கட்டியிருந்தது. அந்த வாரம்தான் என் மனைவி நிரப்பிக் கொடுத்தது.

"எனக்கு அனுப்பத்தான் போட்டு வச்சிருக்கு காக்கா. கடைசியா உம்மா கையால செஞ்சது," என்றான். "இதத் தெனம் ஒரு துளி, ஒரே ஒரு துளி தொட்டுக்கிட்டு வச்சுக்கப்போறேன்."

என் மனைவி கதவோரம் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அவன் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னான். "நான் அங்கன கடைல என்னென்னமோ வித்துப் பாக்கறேன் காக்கா. இந்தச் சம்பல் மட்டும் கெடைச்சிருந்தா, எங்க கடை மட்டுமா, சுத்தியிருக்க எல்லாக் கடைலயும் வச்சுருப்பேன். நம்ம ஊர்ப் பயலுக எத்தன பேரு இருக்கானுங்க! நானும் உம்மாகிட்ட எத்தனையோ தடவ கேட்டேன், ஆள் வச்சுப் போடுன்னு. போட மாட்டேன்னுருச்சு. இந்தக் கைப்பக்குவத்துல போடுறவுக யாராச்சும் ஊர்ல இருந்தாச் சொல்லுங்க. எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கறேன். நீங்களே இங்கன இருந்து பாத்துக்கிடலாம், திரும்பவும் அங்க வந்து கஷ்டப்பட வேணாம்."

என் வாய் திறந்துவிட்டது. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் ஊரில் இருப்பதற்கான வழி என் எதிரில் நின்று அழுதுகொண்டிருந்தது. யார் போடுகிறார்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெயர், லேபிள், கடல் தாண்டிக் கண் உயரத்தில் இடம், எல்லாம்.

அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள்.

"தம்பி, ஈரக் கரண்டி போட்டுறாதீங்க. காஞ்ச கரண்டியா போட்டு எடுங்க. ரொம்ப நாளைக்குக் கெடாம இருக்கும்."

"சரி லாத்தா," என்று அவன் தலையை ஆட்டினான்.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். மவுத்தான வீட்டு வாசல் என்றும் பார்க்கவில்லை.

"ஒனக்கு மூளை இருக்கா? ஒரு வார்த்த! நான் ஊர்ல இருக்கறது ஒனக்குப் பிடிக்கலையா? அவனுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், புதுசா போடுறோம்னு ஒரு பாட்டில் குடுப்போம். லேபிளோட தின்னப்ப அவனுக்குத் தெரிஞ்சுச்சா? உம்மா மாதிரி வராதுன்னுதான சொன்னான்?"

"அப்ப உம்மா உசுரோட இருந்துச்சு," என்றாள். "இப்ப அந்த பாட்டிலத் தெனம் தொட்டுத் தொட்டுத் திங்கிறவனுக்கு, நாக்குல வச்ச ஒடனே தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சா என்ன? தெரியட்டுமே!"

அவள் நின்றாள். துப்பட்டிக்குள் முகம் நனைந்திருந்தது. என் அதட்டலுக்கு அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை.

"அந்தப் புள்ளைக்கு அவுக உம்மா ஒரு தடவ மவுத்தானது போதாதா மச்சான்?"

எனக்கு அவள் செய்தது சரியா, நான் கேட்டது தப்பா, ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு மட்டும் வலிக்காமலா இருக்கும்? நான் போவதும் வலிக்கும், அந்தப் பாட்டில் இன்னொருவர் பெயரில் ஃபிரிட்ஜுக்குள் இருப்பதும் வலிக்கும். இரண்டையும் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் துப்பட்டியைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். யாருடைய பிள்ளைக்கோ மறுநாள் பயணம், பாட்டில் நிரம்ப வேண்டும். உரலில் மாசி இடிக்கிற சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் நின்று ஏஜண்டுக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட்டைக் காலையில் கொண்டுவருகிறேன் என்றேன்.